எடைக்கருவி சொல்லாத கணக்கு

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் பெரும்பாலானோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? எத்தனை மாதத்தில் குறையும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றுக்காக எடை குறைக்க முயல்வோரைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவரும் பொது மருத்துவன் என்ற முறையில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. குறைந்த கிலோக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், அம்முயற்சியின்போது ஒருவர் தம்மைப் பற்றிக் கற்றுக்கொள்பவையே அவருடைய நலத்தை நெடுங்காலம் காக்கின்றன. அக்கல்வி நிகழாவிடில் இறங்கிய எடை மீண்டும் ஏறிவிடுகிறது. அது நிகழ்ந்துவிட்டால், எடை ஓரளவே இறங்கினாலும் நன்மை நிலைக்கிறது. இக்கருத்துக்கு ஆதாரமானவற்றையும், நோயாளிகளும் உடனிருப்போரும் இதிலிருந்து பெறக்கூடியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பசி குணக்கேடு அன்று

"என்னால் வாயைக் கட்ட முடியவில்லை" என்று தலைகுனிந்து சொல்வோரைப் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காண்கிறோம். படித்தவர், பதவியில் இருப்பவர், குடும்பத்தையே தாங்கி நிற்பவர் என யாராயினும் இந்த ஓர் இடத்தில் குற்றவாளியைப் போல் நிற்கிறார்கள். முதலில் களைய வேண்டியது இந்த வெட்கத்தைத்தான். ஏனெனில், உண்ணும் அளவைக் குறைக்கும்போது எழும் பசி மனவுறுதி இல்லாமையின் அடையாளம் அன்று. அது உடலின் தற்காப்பு.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45 ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வை நடத்தினார். பஞ்சத்தால் நலிந்த மக்களை எவ்வாறு மீட்டெடுப்பது என்பதை அறிவதே அதன் நோக்கம். கொள்கை காரணமாகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் பங்கேற்றனர். உடலாலும் மனத்தாலும் உறுதியானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை அவர்கள் இழந்தனர். அவர்களுடைய எண்ணம் முழுவதையும் உணவே ஆட்கொண்டது. சமையல் நூல்களை ஆர்வத்தோடு படித்தனர். எரிச்சலும் சோர்வும் மிகுந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கினர். கொள்கைக்காகச் சமூகத்தின் ஏச்சையும் தாங்கிய அந்த இளைஞர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று யாரும் சொல்ல இயலாது. பசியின் வலிமை அத்தகையது.

இதன் உள்ளியக்கம் பின்னர் தெளிவாகியது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற இயக்குநீரை 1994-ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழுவினர் கண்டறிந்தனர். உடலில் கொழுப்பின் இருப்பு எவ்வளவு என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் தூதுவன் அது. இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலினை 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். எடை குறையும்போது லெப்டின் தாழ்கிறது, கிரெலின் உயர்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்து எடை இழந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பின்னரும் இந்த இயக்குநீர்கள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை என்று காட்டியது. உடல் தன் இழப்பை எளிதில் மறப்பதில்லை.

இதை அறிந்துகொண்டவரின் நடத்தை மாறுகிறது. மாலை நான்கு மணிக்குப் பசி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தம்மைத் திட்டிக்கொள்வதற்கு மாறாக, ஒரு கிண்ணம் சுண்டலையோ ஒரு கொய்யாப்பழத்தையோ முன்கூட்டியே எடுத்து வைக்கிறார். தம் குறையைத் தீர்ப்பு எழுதும் நீதிபதியாக நோக்காமல், ஏற்பாடு செய்யும் வீட்டுத் தலைவராக நோக்கக் கற்கிறார். இப்பழக்கம் உணவோடு நிற்பதில்லை. கோபம், கடன், தூக்கமின்மை என எதைக் கையாளவும் அது உதவுவதை நோயாளிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எண் சொல்வதும் சொல்லாததும்

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் கணக்கிட்டு, அந்த உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியெண். இந்தியர்களுக்கு அது 23-ஐத் தொட்டால் மிகை எடை. 25-ஐத் தொட்டால் உடற்பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைக் கடப்பதும் எச்சரிக்கையே. மேலைநாட்டினருக்கான எல்லைகளைவிட இவை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே எண்ணுக்குள் இருவேறு உடல்கள் இருந்தன. "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படிச் சர்க்கரை நோய் வந்தது?" என்று கேட்கும் நம் ஊர் நோயாளிக்கு அந்தப் படம் ஒரு விடை.

எண் நகராதபோதும் நன்மை நிகழலாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். உணவு, நடை ஆகியவற்றில் வழிகாட்டல் பெற்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் மூன்றாம் மாதத்திலேயே "பயனில்லை" என்று விட்டிருப்பார்கள்.

ஆகவே எடையைப் பாருங்கள். அதனோடு வயிற்றுச் சுற்றளவையும், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும், இரத்த அழுத்தத்தையும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதையும், இரவுத் தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஓர் எண்ணை வைத்துத் தம்மை மதிப்பிடுவதை நிறுத்தியவர், பிறரையும் அவ்வாறு மதிப்பிடத் தயங்குவார். பிள்ளையின் மதிப்பெண்ணிலும் மருமகனின் சம்பளத்திலும் அந்தத் தயக்கம் நல்லதே செய்யும்.

தனக்கென ஒரு தட்டு

ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் என்னிடம் சிகிச்சை பெற்று வருகிறார். அவர் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். உண்பதையெல்லாம் ஒரு வாரம் எழுதிவருமாறு உணவியல் வல்லுநர் அவரிடம் கேட்டார். அவர் கொண்டுவந்த தாளில் மூன்று வேளை உணவு மட்டுமே இருந்தது. அளவும் மிகக் குறைவு. "நின்றுகொண்டு சாப்பிட்டதையும் எழுதுங்கள் அம்மா" என்று வல்லுநர் மீண்டும் அனுப்பினார். அடுத்த வாரத் தாள் இருபுறமும் நிறைந்திருந்தது. பேரன் மிச்சம் வைத்த அரைத் தோசை, பாத்திரத்தின் அடியில் தங்கிய உப்புமா, வீணாகிவிடும் என்று இரவில் தயிர் ஊற்றிப் பிசைந்த சோறு, ருசி பார்த்த பாயசம். எல்லோரும் உண்டு முடித்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு, அடுப்பங்கரையில் நின்றபடியே அவருடைய மதிய உணவு முடிந்துவிடும்.

அவருக்குத் தரப்பட்ட அறிவுரை எளியது: மதியம் ஒரு மணிக்கு மற்றவர்களோடு அமர்ந்து, தமக்கென ஒரு தட்டில் பரிமாறிக்கொண்டு உண்ண வேண்டும்; மிஞ்சியதை உண்பது அவருடைய கடமையாகாது. சொல்வதற்கு எளிதான இதை வீட்டில் நடைமுறைப்படுத்துவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. அவர் அமர்ந்துவிட்டால் யார் பரிமாறுவது? கணவரும் மகனும் தமக்குத் தாமே பரிமாறிக்கொள்ளப் பழகினர். உலையில் இடும் அரிசி அரை ஆழாக்கு குறைந்தது. ஓராண்டில் அவருடைய எடை ஐந்து கிலோ இறங்கியது. அதைப் பாராட்டியபோது அவர் சொன்ன மறுமொழி இது: "எடை கிடக்கட்டும் டாக்டர். நான் சாப்பிட்டேனா இல்லையான்னு இப்பதான் எனக்கே தெரியுது."

நம் வீடுகளில் பல பெண்களுக்கு எடைகுறைப்பு என்பது வாழ்வில் முதன்முறையாகத் தமக்கென ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் கேட்டுப் பெறும் முயற்சியாக அமைகிறது. காலையில் அரைமணி நேரம் நடக்கப் போக வேண்டுமென்றால் அந்த அரைமணி நேரம் அடுப்பை யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு வேறொரு பாடம் காத்திருக்கிறது. அலுவலகம் முடிந்ததும் தேநீர்க் கடையில் நண்பர் நீட்டும் வடையையும், இரவு பத்து மணிப் பரோட்டாவையும் நட்பு கெடாமல் மறுக்கக் கற்பது அது. "வேண்டாம்" என்பதைச் சினமின்றியும் குற்றவுணர்வின்றியும் சொல்லத் தெரிந்துகொள்வது எந்த வயதிலும் ஒரு வளர்ச்சியே.

சறுக்கிய பின்னரும் எஞ்சுவது

சாண் ஏற முழம் சறுக்குகிறது என்பார்கள். எடை குறைத்தவர்களின் அச்சமும் அதுவே. பொங்கலும் தீபாவளியும் வருகின்றன. மகளின் திருமணம் வருகிறது. காய்ச்சலில் படுத்த பதினைந்து நாள் நடை நின்றுபோகிறது. மூன்று கிலோ ஏறியதும் "எல்லாம் வீண்" என்று முயற்சியையே கைவிடுகிறார்கள். கேடு செய்வது ஒரு நாள் விருந்து அன்று. அதற்கு மறுநாள் காலையில் எழும் "இனி என்ன இருக்கிறது" என்ற எண்ணம்.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றனர். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது என்ற இலக்குகளோடு முயன்ற பிரிவினருக்கு, சுமார் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கு எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. அதற்குள் இழந்த எடையின் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பியிருந்தது. அப்படியிருந்தும், முயலாதவர்களோடு ஒப்பிடுகையில் நீரிழிவு 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. முழம் சறுக்கிய பின்னரும் கையில் ஏதோ எஞ்சியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிறிய அளவின் பெருமையையும் இங்கே சொல்ல வேண்டும். 80 கிலோ எடையுள்ளவருக்கு 5 முதல் 7 விழுக்காடு என்பது 4 முதல் 5.6 கிலோ வரை. கண்ணாடியில் பெரிதாகத் தெரியாத அளவு. ஆனால் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வொன்று, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கணக்கிட்டது. நான்கு கிலோ குறைத்தவரின் முழங்கால் அடிக்கு 16 கிலோ இளைப்பாறுகிறது. பிறர் காணாத நன்மையை மதிக்கப் பழகுவது, இம்முயற்சி தரும் பாடங்களுள் அருமையானது.

உடனிருப்போருக்கு

இம்மடலைப் படிக்கும் குடும்பத்தினரிடம் சில வேண்டுகோள்கள்.

உடலைக் குறித்த கேலிப் பெயர்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்பாகச் சொன்னாலும் அவை காயப்படுத்துகின்றன. எடை குறையத் தொடங்கியவுடன் உறவினர் கேட்பதையும் நாம் அறிவோம்: "என்ன இப்படி இளைச்சுட்டே, சுகர் வந்துடுச்சா? முகமே வத்திப் போச்சே!" பல மாத உழைப்பை இந்த ஒரு வாக்கியம் தளர்த்திவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் நீங்கள், "டாக்டர் சொல்லித்தான் குறைக்கிறார்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் பொரித்த உணவும், ஒருவருக்கு மட்டும் பத்தியமும் என்றால் அது தண்டனையாகிவிடும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ என்ற அளவு வீட்டில் அனைவருக்கும் நன்மையே தரும். விருந்தினரை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதுதான் உபசாரம் என்ற எண்ணத்தையும் சற்றே தளர்த்தலாம். போதும் என்றவரின் சொல்லை ஏற்பதும் உபசாரமே.

"இன்று எத்தனை கிலோ?" என்று கேட்பதைக் காட்டிலும் "நானும் நடக்க வரட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில் துணை இருக்கிறது.

மருத்துவ எச்சரிக்கைகள்

முயற்சி ஏதுமின்றி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மகிழ வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

இன்சுலின் போடுவோரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்போரும் தாமாக உணவைக் குறைக்கவோ பட்டினி இருக்கவோ கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். எடை குறையக் குறைய இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த உணவு முறையையும் தொடங்க வேண்டாம். முதியோருக்குக் கொழுப்போடு தசையும் கரையும் ஆபத்து உண்டு; அவர்களுக்குப் போதிய புரதமும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது போன்ற தசைப் பயிற்சியும் தேவை.

வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உரியவருக்கு அவை உண்மையாகவே பயன் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஏதுமில்லை. பசியைத் தணிக்க மருந்து தேவைப்படுவது, இரத்த அழுத்தத்தைத் தணிக்க மருந்து தேவைப்படுவதைப் போன்றதே. ஆனால் நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தட்டையும் நேரத்தையும் துணையையும் சீர்செய்யும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது. பத்து நாளில் பத்து கிலோ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளுக்கு அந்த வேலை தெரியாது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டோடு ஒரு சிறு தாளும் கொண்டுவாருங்கள். எந்த நேரத்தில் பசி உங்களை மிகவும் வாட்டுகிறது, வீட்டில் யார் உங்களுக்குத் துணை நிற்கிறார், சென்ற மாதம் எந்த நாள் தவறியது, மறுநாள் எப்படித் தொடங்கினீர்கள் என நான்கு வரி எழுதினால் போதும். தவறிய நாளை எழுதக் கூச்சப்பட வேண்டாம். உங்களுக்கு எந்த வழி ஒத்துவரும் என்பதை அந்த வரிகளிலிருந்தே நாம் சேர்ந்து தேடத் தொடங்கலாம்.